எங்கள் தெரு வாய்மூடி இருந்த புதன்கிழமை

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மார்கழி மாதம், சங்கரன்கோவிலில் எங்கள் தெரு. தெருவில் பதினைந்து வீடு என்றால் பதிமூன்று வீட்டில் விசைத்தறி உண்டு. முன்பக்கம் மனிதர்கள், பின்பக்கம் தறிகள். எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இரண்டு தறி ஓடுகிறது. அதை என் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்கிறார். நான் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர்.

பன்னிரண்டாம் வகுப்போடு கல்யாணம் ஆகி வந்தவள் நான். பத்து வருடம் போல டீச்சராக ஓட்டிவிட்டேன். ஒருநாள் பள்ளி நிர்வாகி கூப்பிட்டு, இனிமேல் டிகிரி இல்லாதவர்களை வைத்துக்கொள்ள முடியாது, முடித்துவிடுங்கள் என்று தன்மையாகச் சொன்னார். அப்படித்தான் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆன்லைனில் பி.ஏ. வரலாறு சேர்ந்தேன். பாடம் வீடியோவில் வரும். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, சாம்பார் கொதிக்கிற நேரத்தில் அக்பரையும் அசோகரையும் பார்த்து முடிப்பேன்.

முதல் அசைன்மென்டை போனில் படம் பிடித்து அனுப்பியபோது, அவசரத்தில் மளிகைச் சீட்டை அனுப்பிவிட்டேன். "புளி அரைக்கிலோ தெளிவாகத் தெரிகிறது. மௌரியர் ஆட்சியைக் காணவில்லை" என்று பேராசிரியர் பதில் எழுதியிருந்தார். அன்றைக்கு வெட்கத்தில் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி விழுந்து எழுந்து, நடுவில் ஒரு வருடம் விட்டுப் பிடித்து, கடைசியில் ஒரே ஒரு பேப்பர் பாக்கி நின்றது. இந்திய அரசியலமைப்பு. படிப்பை முடிக்கக் கொடுத்த காலம் அந்தப் பருவத்தோடு தீர்கிறது. அதில் எழுதாவிட்டால் அதுவரை பாஸான பேப்பர்கள் எல்லாம் செல்லாது. அதற்கடுத்த ஜூனில் வேலையும் இருக்காது.

ஆன்லைன் தேர்வு என்றால் வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் கம்ப்யூட்டரில் கேமராவும் மைக்கும் மூன்று மணி நேரமும் விழித்துக்கொண்டிருக்கும். நாம் அங்கே இங்கே பார்த்தாலோ, அறையில் சத்தம் கேட்டாலோ எச்சரிக்கை வரும். மூன்று எச்சரிக்கை வந்தால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும். அதுவரை எழுதியதில் எனக்கு ஒரு எச்சரிக்கைகூட வந்ததில்லை. அந்தப் பெருமை வேறு எனக்கு இருந்தது.

கடைசிப் பேப்பர் ஒரு புதன்கிழமை வந்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தேன். ஐந்தே நிமிடத்தில் எச்சரிக்கை வந்தது. பின்னணியில் சத்தம் கேட்கிறதாம். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தேன். இரண்டாவது எச்சரிக்கை வந்தது. ஜன்னலைச் சாத்தினேன். வியர்த்துக் கொட்டியது. மூன்றாவதும் வந்து திரை இருண்டுபோனது. ஒரு கேள்விக்குக்கூட முழுசாகப் பதில் எழுதியிருக்கவில்லை.

எனக்கு முன்கோபம் கொஞ்சம் அதிகம். அழுது முடித்த கையோடு பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் தட்டினேன். உங்கள் இயந்திரம் பொய் சொல்கிறது, என் அறையில் குண்டூசி விழுந்தாலும் கேட்கும், அப்படி ஓர் அமைதி, உழைத்துப் படிக்கிற ஒரு பெண்ணின் வாழ்க்கையோடு விளையாடுகிறீர்கள் என்று அதில் வெளுத்து வாங்கியிருந்தேன்.

மறுநாள் தேர்வுப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். நான் ஹலோ சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அம்மா, நீங்க இப்ப ரயில்லயா போய்க்கிட்டு இருக்கீங்க? இறங்கினதும் பேசலாமா?"

"ரயிலா? நான் வீட்லல்லா இருக்கேன்" என்றேன்.

"அப்ப அந்தக் கடகடன்னு கேக்குற சத்தம்?"

"எந்தச் சத்தம்?"

அவர், தேர்வு நேரத்தில் பதிவான ஒலியை அனுப்புகிறேன், கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். கேட்டேன். பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. கடகட கடகட என்று ஒரு ரயில் அல்ல, நாலு ரயில் ஓடுகிறது. அதற்கு நடுவில் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல என் மூச்சுச் சத்தம். அந்தச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்து, அதற்குள்ளேயே வாழ்க்கைப்பட்டு நாற்பது வயதும் ஆகிவிட்டதால் என் காது அதைச் சத்தம் என்றே கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவ்வளவு ஏன், தேர்வு எழுதும்போது என் வீட்டுப் பின்கட்டில் எங்கள் தறி இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அதற்கு முந்தைய தேர்வுகள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தவை. ஞாயிறு தறிக்கு லீவு. அதனால் தப்பித்திருக்கிறேன்.

அந்த அதிகாரியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "நானும் வேலை பார்த்துக்கிட்டே படிச்சவதாம்மா. அடுத்த புதன்கிழமை காலையில இன்னொரு தடவை எழுத ஏற்பாடு பண்றேன். அதுக்கு மேல என் கையில இல்லை" என்றார். முகம் தெரியாத அந்தப் பெண்ணை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

வேறெங்காவது போய் எழுதலாமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அலைந்து பார்த்தேன். பனவடலிசத்திரத்தில் தங்கச்சி வீடு அமைதிதான், ஆனால் அங்கே நெட் நிமிடத்துக்கு ஒருதரம் விழுந்து விழுந்து எழுந்தது. பள்ளியில் எழுதலாம் என்றால் என் எல்.கே.ஜி. பிள்ளைகளின் அழுகைக்குத் தறியே பரவாயில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் லாட்ஜில் ஹார்ன் சத்தம். சுற்றிச் சுற்றி வீட்டுக்கே வந்தேன். எங்கள் தறிகளை நிறுத்திவிட்டு, போனில் பதிவு செய்து கேட்டேன். கடகட சத்தம் அப்படியே இருந்தது. முக்கால்வாசி எதிர்வீட்டிலிருந்து வந்தது. பத்தடித் தெருவுக்கு அந்தப்பக்கம் ஆறு தறி.

அந்த வீட்டுக்காரம்மா எனக்கு மைனி முறை, அதாவது அண்ணி மாதிரி. அவரோடு எனக்கு அப்போது இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும், ஏனென்றால் தப்பு என்மேல். மைனிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். பேங்க் பாரம் நிரப்ப வேண்டும் என்றால் யாரும் பார்க்காத நேரமாக என்னிடம் வருவார். நிரப்பிக் கொடுத்தால், முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் ஸ்கூட்டியை அவர்கள் வாசலில் நிறுத்திவிட்டேன். நூல் மூட்டை இறக்க வண்டி வந்து நிற்கிறது. "படிச்சுக் கிழிச்சது போதும், வண்டிய எடுட்டி" என்று அவர் கத்த, எனக்குச் சுர்ரென்று ஏறி, "கைநாட்டு வைக்கிறவுகளுக்குப் படிப்பப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

தறி ஓடாத நாள். தெரு முழுக்கக் கேட்டது. மைனி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. அதன்பிறகு அவர் பாரத்தை யாரிடம் கொடுத்து நிரப்பினாரோ தெரியாது. மன்னிப்புக் கேட்க நூறு தடவை நினைத்தேன். வாசல் வரை போய்த் திரும்பியும் இருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு, "தெருவுல சொன்னா நிப்பாட்டுவாவ. நான் போய்ச் சொல்லுதேன்" என்றார்.

"எல்லா வீட்டுக்கும் போங்க. எதுத்த வீட்டுக்கு மட்டும் போயிராதீய."

"ஆறு தறி அங்கனதானட்டி ஓடுது?"

"ஓடட்டும். அவுக தயவுல எனக்கு டிகிரி வேண்டாம்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நான் சொன்னது வீறாப்பாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அது கூச்சம். ஒருத்தரைக் கைநாட்டு என்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டு, என் பரீட்சைக்கு உங்கள் தறியை நிறுத்துங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது? அதுவும் பொங்கல் நேரம். எல்லா வீட்டிலும் சேலை லோடு ஏற வேண்டிய அவசரம். தறிக்காரருக்கு அந்தப் பத்து நாள் சாப்பிடக்கூட நேரம் இருக்காது.

புதன்கிழமை வந்தது. குளித்து, விபூதி பூசி, ஒன்பதரைக்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். ஆறு தறிச் சத்தத்தோடு எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடியுமோ அவ்வளவு எழுதுவோம், ஐந்து மார்க்காவது வரட்டும் என்ற எண்ணம்தான். பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திடீரென்று காது அடைத்துக்கொண்ட மாதிரி ஆனது. எங்கள் தெருவில் பகலில் இப்படி ஆனால் ஒரே ஒரு அர்த்தம்தான், கரண்டு போய்விட்டது. ஐயோ என்று பதறி மேலே பார்த்தேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. தரையில் காலை வைத்துப் பார்த்தேன். எப்போதும் இருக்கிற அதிர்வு இல்லை. எதிர்வீட்டுத் தறி ஓடினால் அந்த அதிர்வு இருக்கும்.

யோசிக்க நேரமில்லை. தேர்வு தொடங்கிவிட்டது. இவ்வளவு அமைதியில் பிரமாதமாக எழுதியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. முதல் நிமிடத்திலேயே எச்சரிக்கை வாங்கினேன். யாரோ பேசுகிற குரல் கேட்கிறதாம். யார் என்று பார்த்தால் நான்தான்! கேள்வியைச் சத்தமாக வாசித்திருக்கிறேன். தறிச் சத்தத்தில் எனக்கே கேட்காது என்பதால் அந்த ஒரு வாரமும் வாய்விட்டே படித்திருந்தேன், அந்தப் பழக்கம். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அதற்குப்பிறகு ஒன்றும் ஓடவில்லை. அடிப்படை உரிமைகள் எத்தனை என்பது மறந்துபோனது. என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்டது. எங்கோ ஒரு குருவி கத்தியது. வேலைநாளிலும் எங்கள் தெருவில் குருவி கத்தும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கால் மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம் என்ன தோன்றியதோ, மேஜைக்கு அடியில் வெறுங்காலால் தரையை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தேன். சத்தம் வராமல், தறியடிக்கிற தாளத்தில். அவ்வளவுதான், மனசு இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. படித்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. விரல்கள் தட்டச்சுப் பலகையில் ஓடத் தொடங்கின.

பாதித் தேர்வு முடிந்திருக்கும். தூரத்தில் ஒலிபெருக்கிச் சத்தம். "வெங்காயம்... பல்லாரி வெங்காயம்... கிலோ..." என்று ஒரு மினி லாரி எங்கள் தெருவை நோக்கி வருகிறது. கிட்டே வர வர இரண்டாவது எச்சரிக்கை வந்துவிட்டது. இன்னும் ஒன்று வந்தால் எல்லாம் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு எங்கள் ஊர்க்கோவில் சங்கரனாரையும் கோமதியம்மனையும் சேர்த்துக் கூப்பிட்டேன். "கிலோ..." என்றதோடு அந்தக் குரல் பாதியில் நின்றுபோனது. மறுபடி வரவில்லை. அம்மன் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டு எழுதினேன்.

ஒரு மணிக்குத் தேர்வை அனுப்பிவிட்டு வாசலுக்கு வந்தேன். அப்படியே நின்றுவிட்டேன். தெருவே வாசல்களில் நின்றுகொண்டிருந்தது. ஆண்கள், பெண்கள், தறிக்கு நூலைத் தாராகச் சுற்றிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும். ஒருத்தர் வாயிலும் சத்தமில்லை. ஆனால் பேசிக்கொண்டிருந்தார்கள், கையால். தறி ஓடும்போது வாயால் பேசினால் கேட்காது என்பதால், நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, டீ வந்தது என்று எல்லாவற்றையும் கை ஜாடையிலும் உதட்டசைவிலும் சொல்லிக்கொள்வது எங்கள் வழக்கம். சத்தத்துக்காக உண்டான அந்தப் பேச்சை, அன்றைக்கு எனக்காக அமைதிக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் விரலால் காற்றில் எழுதிக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். முடிந்துவிட்டதா என்று அர்த்தம். நான் தலையை ஆட்டினேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "எதுத்த வீட்டுல நீங்க சொன்னீயளா?" என்று கேட்டேன்.

"நீதான் போகக்கூடாதுன்னியே. நான் போகல. அவுகளே வந்து, என்னைக்கு, எத்தன மணிக்குன்னு எங்கிட்ட கேட்டாவ. இன்னைக்கு விடியுமுன்னயே ஆறு தறியையும் ஓட்ட ஆரம்பிச்சிட்டாவ, இந்த மூணு மணி நேரத்த ஈடுகட்டணும்லா?" என்றவர், தெரு முனையைக் கைகாட்டினார்.

தெரு முனையில், நடுரோட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் குடையைப் பிடித்துக்கொண்டு எதிர்வீட்டு மைனி உட்கார்ந்திருந்தார். பத்து மணியிலிருந்து அங்கேதானாம். ஹார்ன் அடித்துக்கொண்டு வந்த ஆட்டோக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பால்காரரைச் சைக்கிளிலிருந்து இறங்கி நடக்கவைத்திருக்கிறார். அந்த வெங்காய லாரி அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கியை அணைக்கச் சொல்லிவிட்டு, அவர் கிளம்பித் தெருவுக்குள் வந்துவிடாமல் இருக்க, வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்து உருட்டிப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். லாரிக்காரர் வெறுத்துப்போய் டயரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

நான் அவரை நோக்கி நடந்தேன். அதற்குள், தேர்வு முடிந்த சேதி தெரிந்து, லோடு அவசரத்தில் எல்லோரும் உள்ளே ஓடினார்கள். தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மைனி முன்னால் போய் நின்றபோது தெரு பழைய சத்தத்துக்கு வந்துவிட்டது.

"மைனி, என்னை மன்னிச்சிருங்க" என்றேன். தொண்டைக்குள்ளேதான் சொன்னேன். அவர் கையைத் திருப்பி, என்ன என்று ஜாடை கேட்டார். முப்பது வருடம் தறியில் நின்றவருக்கு உதடு அசைந்தாலே புரியும். உண்மையிலேயே புரியவில்லையா, புரியாத மாதிரி நின்றாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்ன சொல்லுக்கு, உதட்டளவில் மன்னிப்புக் கேட்டால் போதாது.

அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு மைனி! நம்பி வந்தவுகளத் தெருவுல வச்சு அப்பிடிச் சொன்னது ரொம்பத் தப்பு! என்னை மன்னிச்சிருங்க!"

எங்களுக்குள் மறுபடியும் சண்டையோ என்று பயந்து பக்கத்துத் தறிகள் நாலைந்து நின்றுவிட்டன. அதனால் கடைசி வார்த்தைகள் தெருக்கோடிவரை தெளிவாகக் கேட்டன. எல்லோரும் மறுபடி வாசலுக்கு வந்துவிட்டார்கள். மைனி குடையை மடக்கினார். என்னை விட உரக்கச் சொன்னார்.

"கைநாட்டுதாட்டி வைக்கேன். இல்லன்னு சொல்லலயே! ஆனா இன்னைக்கு ஓம் பரீட்சைக்கு சூப்பர்வைசர் நாந்தாம்!"

தெருவே சிரித்தது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு. அவர் மேலெல்லாம் வெங்காய வாடை. "சரிட்டி, சரி. மொதல்ல போயி சோறு தின்னு. மூணு மணி நேரமா தண்ணிகூடக் குடிக்கலல்லா? பொறவு வந்து இந்த வெங்காயத்துல பாதிய எடுத்துட்டுப் போ. இம்புட்டையும் வச்சு நான் என்ன செய்ய?" என்று முதுகில் தட்டினார்.

பாஸாகிவிட்டேன். பெரிய மார்க் இல்லை, கரையேறுகிற அளவு மார்க்தான். வேலையும் நிலைத்தது. கையெழுத்துப் போடச் சொல்லித்தருகிறேன் என்று மைனியிடம் ஒருநாள் ஆசையாகக் கேட்டேன். "எனக்கெதுக்குட்டி அது? தறிய யாரு பாக்க?" என்று சொல்லிவிட்டார். பேங்க் பாரத்தை மட்டும் பழையபடி என்னிடம் கொண்டுவருகிறார். இப்போது முந்தானைக்குள் மறைப்பதில்லை. பட்டப்பகலில் தெருவில் நின்றுகொண்டே, "ஏட்டி, இத நெரப்பிக் குடு" என்கிறார். அவர் இப்படி எல்லோர் முன்னாலும் நீட்டுகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு நெகிழ்ந்துபோகும்.

படித்தவள் என்ற நினைப்பில் யாரையாவது ஒரு சொல் சொல்ல இன்றைக்கும் நாக்கு துடிக்கத்தான் செய்கிறது. ஆனால் என் பட்டத்தைக் காப்பாற்ற நடுவெயிலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவருக்கு அதில் எழுதியிருக்கிற என் பெயரைக்கூட வாசிக்கத் தெரியாது என்பது நினைவுக்கு வந்ததும், என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.